ஈவாவிடம் சொல்லக் கூடாதது

“ஒரு நிமிஷம்மா, ஒரே ஒரு நிமிஷம் கூரியர் வாங்கக் கீழ போயிட்டு வரேன், அதுக்குள்ள அவளக் கொன்னுட்டியே! உன்னால ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாதா?” மகள் சொன்னதை ஓர் எழுத்து விடாமல், அந்த மூக்கடைத்த குரலையும் சேர்த்து, சாருமதி திருப்பிச் சொல்லிக் காட்டினாள். சொல்லிக் காட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னடின் இருமுவதை அப்படியே இருமிக் காட்டி, மதியம் முழுக்கச் சரளைக்கல்லில் முட்டி போட்டவள். “ஏற்கெனவே செத்தவள எப்படிடீ கொல்றது? எனக்கு முதல்ல அதச் சொல்லு.” மிருதுளா கூரியர் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு ஹாலின் நடுவில் நின்று டிவியைப் பார்த்தாள். டிவியில், இருவரும் ஆடுகிற பேய் விளையாட்டில், ஒரு காலிக் கட்டில். சற்று முன்புவரை அதன் விளிம்பில் ஈவா உட்கார்ந்திருந்தாள்: நர்ஸின் வெள்ளைத் தொப்பி, ஒரு காலில் மட்டும் செருப்பு, மடியில் இவர்கள் இரண்டு பேரும் தேடித் தேடிக் கொண்டுவந்து வைத்த சீப்பும் கரண்டியும் ஒற்றைக் கையுறையும். “விடு, முதல்லேருந்து ஆடினாப் போச்சு,” என்றாள் சாருமதி. “முதல்லேருந்தா?” மிருதுளா மெதுவாகத்தான் கேட்டாள், அவள் கத்துகிற ரகம் இல்லை, கத்தியிருந்தால் அந்தப் பெங்களூர்ப் புகுந்த வீட்டிலேயே கத்தியிருப்பாளே. “உனக்கு எல்லாத்தையும் முதல்லேருந்து ஆரம்பிச்சுக்கலாம். எங்கிட்டயும் நீ இதே பட்டனைத்தாம்மா அமுக்கின.” பிறகு, “சனிக்கிழமை போலாம்னு இருந்தேன். இன்னிக்கே போறேன்.” “போயேன். ஆட்டோ நான் பிடிச்சுத் தரவா?” என்றது சாருமதியின் வாய். அறைக் கதவு சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தக்கூடத் தெரியவில்லை இந்தப் பெண்ணுக்கு, தாழ்ப்பாளைக்கூடத் தூங்குகிற குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரிதான் போடுகிறாள்.

போகட்டும். போக மாட்டாள். கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது, ஹாஸ்டலில் இடம் கிடைத்துவிட்டது என்று இந்த வாரம் முழுக்க ஆடிக்கொண்டிருக்கிறாள், பெட்டியில் இன்னும் ஒரு துணி மடித்து வைத்த பாடில்லை. சாருமதி மறுபடியும் சோபாவில் உட்கார்ந்து சின்ன வெங்காயத் தட்டை மடியில் இழுத்துக்கொண்டாள். தோல் மின்விசிறிக் காற்றில் பறந்து தரையெல்லாம் ஓடியது, பெருக்குகிறவள் நாளைக்குத்தான் வருவாள், பெருக்குகிற மாதிரி ஒரு பாவனை செய்துவிட்டுப் போவாள். ஒரு நிமிஷமாம். இரண்டு மாடி இறங்கி ஏறுவதற்கு அந்தப் பெண் எடுத்துக்கொண்ட நேரத்தில் அரை கிலோ வெங்காயம் உரித்திருக்கலாம். அத்தனை நேரமும் அந்த ஈவா, டாக்டர் ஏன் இன்னும் வரவில்லை, டாக்டர் ஏன் இன்னும் வரவில்லை என்று அதே முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தால்? திரையின் அடியில் நாலு பதில்கள் வரிசையாக நிற்கின்றன. வந்துவிடுவார். பனி அதிகம். உன் செருப்பு எங்கே. நாலாவது எப்போதும் அதே இடத்தில், அதே சின்ன எழுத்தில்: உண்மையைச் சொல். அதை அமுக்கக் கூடாது என்பதுதான் அந்த விளையாட்டின் சட்டமே, முதல் நாளே மிருதுளா சொல்லியிருந்தாள். செத்துப்போனது அவளுக்குத் தெரியாதும்மா, அவ சாமான் ஒவ்வொண்ணாத் தேடிக் குடுக்கணும், அவளா ஞாபகப்படுத்திக்கணும், நாம சொல்லிட்டா போயிடுவா, அப்புறம் வரவே மாட்டா, இந்த விளையாட்டு அதுவே எழுதி வச்சுக்கும், பின்னாடி போக முடியாது. தெரியும். தெரிந்துதான் அமுக்கினாள். தெரியாமல் கை பட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம், மகள் நம்பியிருப்பாள், வெங்காயக் கை, வழுக்கிவிட்டது என்று. ஆனால் சாருமதிக்குப் பொய் வராது, அதுதான் அவள் பெருமை. எத்தனை தடவைடீ கேப்ப, செத்துப்போயிட்ட, அந்த டாக்டரும் செத்துட்டான், கட்டடத்துல கரன்ட்டே இல்ல, இது கூடத் தெரியலையா உனக்கு? அமுக்கினாள். ஈவா அலறுவாள், சுவரெல்லாம் ரத்தமாய் வழியும், அந்த மாதிரி ஏதோ நடக்கும் என்றுதான் பார்த்தாள். ஒன்றுமில்லை. அவள் எழுந்தாள், விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள், ‘அப்படியா’ என்றாள், அவ்வளவுதான், அப்புறம் ஆளே இல்லை.

அப்படியா. இந்த வெங்காயத்தில் பாதி அழுகல். அதே ‘அப்படியா’வைத்தான் அன்றைக்கு மகளிடமிருந்து போனிலும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை மிருதுளா பெங்களூரிலிருந்து பேசுவாள். என்ன பேச்சு அது, புருஷனைப் பற்றி, எங்கேயும் போய்ச் சேராத பேச்சு. கௌசிக்குக்குத் தனி கப்பும்மா, அதுல வேற யாரும் குடிக்கக் கூடாது. அடுத்த வாரம், கௌசிக்குக்கு ஈரக்கால் தரையில பட்டா பிடிக்காது, நான் குளிச்சிட்டு பாத்ரூம்லயே காய வச்சுட்டு வரேன். அதற்கடுத்த வாரம், கௌசிக் ஹால்லயே தலையணை போட்டுத் தூங்கிடறார், ஆபீஸ் கால் லேட்டாகுதுல்ல. கப்பு, ஈரக்கால், தலையணை, வாரம் ஒன்றாக எடுத்து எடுத்து இவள் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை வாரம் பொறுப்பது? சாம்பார் பொங்கிக்கொண்டிருந்தது, ஒரு கையில் போன், ஒரு கையில் கரண்டி. “அவனுக்கு உன்னைப் பிடிக்கலடீ, அவ்வளவுதான். ஒரு வருஷம் தாண்டாது பாரு,” என்று சொல்லி அடுப்பைத் தணித்தாள். “அப்படியாம்மா,” என்றாள் மிருதுளா. அதற்கப்புறம் போன் இல்லை. அடுத்த ஆடிக்குள் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். சாருமதி சொன்னது சொன்னபடி நடந்தது, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. வாசலில் நின்றவளிடம் ‘வா’ என்பதற்கு முன்னால் இவள் வாயில் வந்ததும் அதுதான்: “நான் சொன்னேன்ல?” அவர் கூட, எதற்கும் வாய் திறக்காத அவள் புருஷன் ராஜகோபால் கூட, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “பொட்டியையாவது வாங்கு,” என்றார். வாங்கினாள். கனமே இல்லை. போகும்போது அத்தனை சீர் கொண்டுபோனவள் வரும்போது ஒரு குக்கரைக்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டு வரவில்லை. அதையும் சொன்னாள். சொல்லாமல்? யாராவது சொல்ல வேண்டாமா? தானாக ஞாபகம் வரட்டும் என்று விட்டிருந்தால் அங்கேயே நரை விழும்வரை ஈரக்காலைக் காய வைத்துக்கொண்டு நின்றிருப்பாள்.

வந்த புதிதில் இந்த வீட்டில் பேச்சே கிடையாது. சாப்பிட்டியா, ம். விளக்கை அணை, ம். பிறகு ஒருநாள் மதியம் அந்தக் கறுப்பு கேம் பெட்டியை டிவியில் மாட்டி மிருதுளா பனிமலைமேல் ஓர் ஆஸ்பத்திரிக்குள் நடந்தாள். காசநோய்க்காரர்களுக்கென்று கட்டி, மூடிக் கிடக்கிற ஆஸ்பத்திரி. விளையாட்டில் கரன்ட் இழுத்துக் கொடுக்க வந்த ஆள் இவள், கையில் ஒரு விளக்கு. சாருமதி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். பேய் விளையாட்டா, இருபத்தெட்டு வயசில், வெட்கக்கேடு. அப்புறம், “அந்த மேஜை டிராயரைத் தொறக்கல பாரு நீ,” என்றாள், தாங்க முடியாமல். திறந்தாள். ஒரு சீப்பு இருந்தது. சீப்பில் முடி. “நரைச்ச முடி, நர்ஸோடது இல்ல, வேற யாரோ,” என்றாள் சாருமதி. மிருதுளா திரும்பிப் பார்த்தாள். பெங்களூரிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக முகத்தைப் பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் மதியம், மகள் கையும் தாய் கண்ணுமாக, அறை அறையாக விளக்கேற்றிக்கொண்டு போனார்கள். சாருமதிக்கு இதற்கு முன்னால் இப்படி ஒன்று வாய்த்ததே இல்லை. அடுத்தவர் அலமாரியைத் திறந்தால் சாமர்த்தியம் என்று மெச்சுகிற இடம் உலகத்தில் வேறு எது? எந்த வீட்டுக்குப் போனாலும் பிரிட்ஜைத் திறந்த மாத்திரத்தில் அந்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டி பேச்சுவார்த்தையில் இருக்கிறார்களா என்று அவளால் சொல்லிவிட முடியும், சொல்லிச் சொல்லித்தான் யாரும் கூப்பிடுவதில்லை. இங்கே சொன்னால் ஒரு மணியடித்தது, திரையோரம் ஒரு வெளிச்சம் மினுங்கியது. டிவி தொடரில் ஒருத்தி அழுவாள், நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதில் அவள் அழுதால் நாம் எழுந்து போய் ஏதாவது தேடிக்கொண்டு வரலாம். கான்வென்ட்டில் நவம்பர் மாதம் முழுக்க உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக ஜெபமாலை சொல்ல வைப்பார்கள், நெருப்பில் கிடக்கிற ஆத்துமா ஒன்று ஒவ்வொரு மாலைக்கும் விடுதலையாகும் என்று சிஸ்டர் பெர்னடின் சொல்வாள். நெற்றியில் விபூதியோடு போகிற இந்தச் சாருமதிதான் வகுப்பிலேயே அதிக ஆத்துமாக்களை அனுப்பியவள். வேகமாகச் சொல்வாள், மூச்சு விடாமல், பாதிச் சொற்களை விழுங்கி. “சாருமதி, நீ அவர்களைக் கரையேற்றவில்லை, பிடித்துத் தள்ளுகிறாய்,” என்று சிஸ்டர் சொன்னதற்கு வகுப்பே சிரித்தது. கிழவி. எப்போதோ செத்திருப்பாள், இப்போது எந்தக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு யார் வரவில்லை என்று கேட்கிறாளோ.

வெங்காயம் முடிந்தது. உள்ளே சத்தம் இல்லை. அழுகிறாளா? அழுதால் அப்பா மூக்கு மாதிரி சிவந்து புடைத்துக்கொள்ளும், பார்க்கச் சகிக்காது. மின்விசிறிச் சத்தம் ஏன் கேட்கவில்லை? மத்தியானப் புழுக்கத்தில் மின்விசிறி போடாமல் ஒருத்தி உள்ளே என்ன செய்வாள்? அந்த மின்விசிறியோடு சாருமதிக்கு இன்னொரு நினைப்பும் வந்தது. அந்த நினைப்பை வெங்காயத் தோலோடு சேர்த்துத் தட்டிலிருந்து தள்ளினாள். அது மறுபடியும் வந்து ஒட்டியது. மேற்குத் தெருவில் அந்தப் பல் டாக்டர் மகள் மின்விசிறியில்தானே தொங்கினாள். ச்சீ. எழுந்து போய்க் கதவில் காதை வைத்தாள். பெட்டியின் ஜிப் இழுபடுகிற சத்தம். அப்பாடா என்று இருந்தது, அடுத்த மூச்சிலேயே எரிச்சல் வந்தது. ஓ, மடித்து வைக்கிறாளாமே. நிஜமாகவே போகப் போகிறாளாமே. இப்போது கதவைத் தட்டி, மிருது, தெரிஞ்சுதான் அமுக்கினேன், தப்புதான், என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விரல் மடங்கிக் கதவுவரைக்கும் போனது. ஆனால் அவளுக்குத் தன் வாயைத் தெரியும். ‘மிருது’ வரைக்கும் சரியாக வரும், அதற்கப்புறம் அது பாட்டுக்குக் கிளம்பிவிடும், ஒரு பொம்மைக்காகத் தாயோட சண்டை போடற, கட்டின புருஷனோட போட்டிருக்கலாம்ல இந்தச் சண்டையை, என்று. அது தயாராக, நாக்கு நுனியில், ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு அழகாக அமைந்த வாக்கியம். அதை விழுங்குவது எச்சில் விழுங்குகிற மாதிரி இல்லை, முள் விழுங்குகிற மாதிரி இருந்தது. திரும்பி வந்துவிட்டாள். வேறு வழி இருக்கிறது. முதலிலிருந்து ஆடினால் போயிற்று. தானே ஆடலாம், தனியாக. சீப்பு எங்கே, கரண்டி எங்கே, கையுறை எங்கே எல்லாம்தான் தெரியுமே. இரண்டு பேர் மழைக்காலம் முழுக்கத் தேடியதை ஒருத்தி ஒரே மூச்சில் எடுத்து வைத்துவிடலாம். மிருதுளா முகம் கழுவிக்கொண்டு வெளியே வருகிறபோது ஈவா அந்தக் கட்டிலில் இருப்பாள், மடியில் எல்லாமும் இருக்கும். பார், உன் ஈவா, என்று சொல்ல வேண்டியதே இல்லை. ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை.

கன்ட்ரோலரைக் கையில் எடுத்தபோது வெங்காய வாசனை அடித்தது. முதல் பனியிலேயே சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றாள். இத்தனை நாளாக ‘இடது பக்கம் போடீ, இடது’ என்று அதட்டியவளுக்கு இடது பக்கம் போக எந்தக் குமிழைத் தள்ளுவது என்றே தெரியவில்லை. ஒன்றைத் தள்ளினால் நடந்தது, ஒன்றைத் தள்ளினால் வானத்தைப் பார்த்தது. கட்டைவிரல் மூட்டு வலித்தது. ஆனாலும் நடந்தாள், தட்டுத்தடுமாறி, மேஜையில் இடித்து, ஒரே கதவைத் திறந்து மூடி, மறுபடி திறந்து. நடக்க நடக்க அந்தக் கட்டடம் அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. பக்கத்தில் ஆள் இருந்தபோது தெரியாத சத்தமெல்லாம் இப்போது தெரிந்தது: எங்கோ சொட்டுகிற தண்ணீர், மேல்மாடியில் நகர்கிற ஏதோ, தன் காலடியே தனக்குப் பின்னால் வருகிற மாதிரி. பயமாக இருந்தது, பயம் ருசியாகவும் இருந்தது, ஐம்பத்துமூன்று வயது உடம்பில் இன்னும் இப்படி மயிர்க்கூச்செறிய இடம் இருக்கிறதா. வார்டு கதவு திறந்தது. அங்கே இருந்தாள். ஒரு காலில் செருப்போடு, கட்டில் விளிம்பில். விளக்கு வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி, ‘யார் நீங்கள்?’ என்றாள். அடிப்பாவி, இத்தனை நாள் பழகினேனே, என்று நினைத்துக்கொண்டே சீப்பைத் தேடி ஓடினாள், அதே டிராயர், கொண்டுவந்து மடியில் வைத்தாள். ‘இது என்னுடையதல்ல, அம்மாவுடையது,’ என்றாள் ஈவா. அப்போது சோபாவுக்குப் பின்னாலிருந்து யாரோ, “அம்மா, என் பழைய டிபன் டப்பா எங்க இருக்கு? அந்த ஸ்கூல் டப்பா?” என்று கேட்டார்கள். “இருடீ, ஒரு நிமிஷம், இவ பேசறா,” என்றாள் சாருமதி, கையைப் பின்பக்கமாக வீசி, கண்ணை எடுக்காமல். “அப்படியா. சரி.” ஈவா தன் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா தலை பின்னிவிடும்போது அடிப்பாள், வலிக்கும், ஆனால் கை சூடாக இருக்கும். இதை முதல் தடவை ஆடியபோது ஏன் கேட்கவில்லை? அப்போது இவள் பேசிக்கொண்டிருந்திருப்பாள். கீழே நாலு பதில்கள் வந்தன. நாலாவதைப் பார்க்காமல், ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, சரியானதை எடுத்தாள். மணி அடித்தது. கரண்டியைத் தேடிச் சமையலறைக்குப் போகிற வழியில் எங்கோ ஒரு கதவை மெதுவாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. திடுக்கிட்டு நின்று விளக்கை நாலாபக்கமும் சுழற்றிப் பார்த்தாள். தாழ்வாரம் காலி. யாரும் இல்லை. விளையாட்டென்றால் இப்படி இருக்க வேண்டும், என்னமாய் ஒரு சத்தம் வைத்திருக்கிறான் என்று மெச்சிக்கொண்டே கரண்டியை எடுத்தாள்.

கரண்டியும் கையுறையும் ஈவாவின் மடிக்கு வந்துவிட்டன. கடைசியில் மருந்தறைக் கதவு ஒன்றுதான் பாக்கி, அதற்குள்தான் அந்த இன்னொரு செருப்பு இருக்க வேண்டும். அந்தக் கதவு திறக்க மாட்டேன் என்றது. ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அமுக்க வேண்டும், பூட்டிய கதவுக்கு மிருதுளா ஏதோ செய்வாள், கை பார்க்க முடியாத வேகத்தில். இவள் எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தாள். “மிருது,” என்றாள், திரும்பாமல். வெளியே விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டிருந்தது, ஹாலில் டிவி வெளிச்சம் மட்டும் நீலமாகக் கிடந்தது. திரும்பினாள். அறைக் கதவு திறந்திருந்தது. கட்டில் விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துவிடப்பட்டிருந்தது. பெட்டி இல்லை. சார்ஜர் இருந்த இடத்தில் சுவர் மட்டும் இருந்தது. மின்விசிறி அணைத்திருந்தது, பொறுப்பான பெண், எப்போதும் அணைத்துவிட்டுத்தான் போவாள். சமையலறையில் ஸ்டூல் பரணுக்குக் கீழே கிடந்தது, டப்பாக்கள் எல்லாம் இறக்கி மேடையில் பரப்பிக் கிடந்தன, தேடியிருக்கிறாள், கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும், அது அரிசிப் பானைக்குள் படியாகக் கிடக்கிறது, இத்தனை வருஷமாக அதில்தான் அரிசி அளக்கிறது, தெரிய வேண்டாமா. சாருமதி அதை எடுத்தாள், புடவைத் தலைப்பால் துடைத்தாள், மூடியில் சுரண்டி எழுதிய பெயர் இன்னும் இருந்தது. பால்கனியிலிருந்து பார்த்தாள். ஆட்டோ கீட்டோ ஒன்றும் இல்லை, எதிர்வீட்டுக்காரி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்தாள். பெயரைத் தொடப் போன விரல் நின்றது. எடுத்தவுடன் என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்குத் தெரியும்: டப்பாவைக்கூட எடுக்கத் துப்பில்லாம போற, நீயெல்லாம் போய்த் தனியா இருந்து... அது அங்கே நின்றுகொண்டிருந்தது, நாலாவது இடத்தில். முதல் மூன்று இடங்களில் என்ன இருக்க வேண்டும் என்று யோசித்தாள். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். கதவு சத்தம் கேட்டதே. அது இந்த வாசல் கதவு. விளக்கைச் சுழற்றிச் சுழற்றி அங்கே தேடினாளே, பனிமலையில்.

வந்து சோபாவில் உட்கார்ந்தாள். டப்பாவைப் பக்கத்தில், மகள் உட்காருகிற இடத்தில் வைத்தாள். டிவியில் மருந்தறைக் கதவு அப்படியே நின்றது. அதற்கப்பால் வார்டிலிருந்து ஈவாவின் குரல் வந்தது, நிதானமாக, அலுக்காமல், டாக்டர் ஏன் இன்னும் வரவில்லை. சாருமதி கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“மிருது,” என்றாள், வாசல் பக்கம் பார்த்து. “எந்த ரெண்டு பட்டன்னு மட்டும் சொல்லிட்டுப் போடீ.”